உதவி: ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் வீசுது. 900 கிலோ ஸ்போர்ட்ஸ் கார், வாங்கலாமா?

ஓஎம்ஆர்_வாசி

வாங்கலாம்னு பார்த்திருக்கிற வண்டி: 2011ல் இறக்குமதியான பிரிட்டிஷ் ரெண்டு சீட்டர். நடு எஞ்சின், பின்சக்கர ஓட்டம், 1.8 லிட்டர் பெட்ரோல், 190 குதிரைத்திறன், காலி எடை 900 கிலோ சொச்சம். பசை போட்டு ஒட்டின அலுமினியம் சட்டம், ஃபைபர் பாடி. ஏபிஎஸ் உண்டு, சறுக்கினா வண்டியைத் தானே பிடிச்சு நேராக்கிற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இல்லை. புதுச்சேரி பதிவு. மாடல் பேரு வேண்டாம், சென்னையில இருக்கிறதையே விரல் விட்டு எண்ணிடலாம்.

சிக்கல்: ஈசிஆர்ல உத்தண்டி தாண்டி லேசான தூறல். வலது வளைவில் 70 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரைச் சட்டுனு விட்டதும் பின்பக்கம் வெளியே வீசுச்சு. பிரேக்கைத் தொடவே இல்லை. நேர் ரோட்டில் காய்ஞ்ச தரையிலும், விட்டா வண்டி வலப்பக்கம் அரை அடி நகருது, மிதிச்சா நேராகுது. "மிட் எஞ்சின்னா அப்படித்தான் சார், பழகிடும்" என்கிறார் விற்பவர்.

நிஜமாவே இது வண்டியோட சுபாவமா? அப்புறம், வருஷச் செலவு எவ்வளவு போகும், வேளச்சேரி–சிறுசேரி தினமும் ஓட்டலாமான்னும் சொல்லுங்க.

பெரம்பூர்_ஸ்பானர்

அவர் சொல்றது பாதி சரி. வளைவுல ஆக்சிலரேட்டரை விட்டா எடை முன்னால சாயும், பின் டயருக்குப் பிடி குறையும். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுத் தூரம், 2,300 மி.மீ. அளவுதான், அதனால சுத்துறதும் சடக்குன்னு நடக்கும். ஆனா நேர் ரோட்ல அரை அடி நகர்றது சுபாவம் இல்லைங்க, கோளாறு.

முதல் சந்தேகம் இடது பின் சக்கரத்தோட டோ லிங்க். சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கணும்னு பிடிச்சு வைக்கிற கம்பி அது, ரெண்டு முனையிலும் பால் ஜாயின்ட் இருக்கும். ஜாயின்ட் தேய்ஞ்சிருந்தா, ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சின் இழுவை சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதோட முன்விளிம்பு வெளிப்பக்கம் திரும்பும். இடது சக்கரம் இடப்பக்கம் பார்த்தா வண்டியோட வால் இடப்பக்கம் போகும், மூக்கு வலப்பக்கம் திரும்பும். நீங்க சொன்ன அறிகுறி அச்சு அசல் இதுதான். வலது வளைவுல பாரம் தாங்குறதும் அதே இடது பின் சக்கரம்.

பார்க்கிற முறை: ஜாக்கியைக் கையேட்டுல குறிச்ச இடத்துல மட்டும் வைங்க. பக்கவாட்டு அலுமினியம் உள்ளே வெறும் கூடு, வேற இடத்துல வெச்சா நசுங்கிடும். சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்துல 3, 9 இருக்கிற இடத்துல ரெண்டு கையால பிடிச்சு ஆட்டுங்க. இன்னொருத்தர் டோ லிங்க் உள்முனை மேல விரல் வெச்சிருக்கட்டும். "டக்" விரல்ல தெரிஞ்சா லிங்க் போச்சு. 12, 6லயும் அதே அளவு ஆடினா வீல் பேரிங்.

அடுத்தது டயர். பக்கச்சுவர்ல நீள்வட்டக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2317ன்னா 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம். நாலு டயரையும் படிச்சு இங்கே போடுங்க. இந்த மாதிரி வண்டி வருஷத்துக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாயிடும். சென்னை வெயில்ல ஷெட்டுக்குள்ள நின்னாலும் இதே கதைதான்.

கியர்_கிறுக்கன்

ப்ரோ, பின் டயர்ல காத்தை 4 பி.எஸ்.ஐ. குறைச்சுப் பாருங்க. தரையில பதியிற பரப்பு கூடும், பிடியும் கூடும்.

பெரம்பூர்_ஸ்பானர்

தம்பி, மழைல அது நேர் எதிர். டயர் தண்ணி மேல மிதக்கிற வேகம் காத்தழுத்தத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பட்டனுக்கு மேல தண்ணி நிக்கிற ரோட்ல 32 பி.எஸ்.ஐ.ன்னா 94 கி.மீ. கிட்ட, 26ன்னா 85 கி.மீ. கிட்ட மிதக்க ஆரம்பிக்கும்னு பழைய சூத்திரம் ஒண்ணு சொல்லும். லேசான வண்டிங்கறதால கம்பெனியே 26, 28ன்னுதான் குறைவா வெச்சிருக்கும். அதுலயும் குறைச்சா ஈசிஆர் ஓரத்துல தேங்கின ஒரு திட்டுத் தண்ணி போதும். கையேட்டு அளவு, குளிர்ந்த டயர்ல, அவ்வளவுதான்.

பாலிசி_பார்வை

செலவுப் பக்கம். பேப்பரிலிருந்து ஆரம்பியுங்கள், இந்த வகை வண்டியில் மெக்கானிக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கும்.

சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி ஆவணம்) அசல் வேண்டும். அதிலுள்ள சேசிஸ் எண், ஆர்சி எண், வண்டிச் சட்டத்தில் பொறித்த எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பயன்படுத்திய கார் என்றால் தயாரித்து மூன்று வருடத்துக்குள், வலப்பக்க ஸ்டியரிங்கோடு, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் கேரளாவில் பூட்டான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சந்தேகித்த கார்களைச் சுங்கத்துறை வீடு வீடாகத் தேடியது ஞாபகம் இருக்கும். பறிமுதல் என்றால் வாங்கியவர் கையிலிருந்துதான் போகும்.

2011 பதிவு என்றால், பதிவு செல்லுபடியாகும் 15 வருடக் கணக்கைப் பாருங்கள். இறக்குமதி நான்கு சக்கர வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 40,000 ரூபாய். உள்ளூர் காருக்கு 5,000. தகுதிச் சோதனையும் உண்டு. புதுச்சேரி எண்ணோடு சென்னையில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே புது எண் எடுத்து ஆயுள் வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு அது 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறையும். விலை பேசும் முன் ஆர்டிஓவில் கணக்குப் போட்டு வாங்கிவிடுங்கள். "புதுச்சேரி வண்டி, வரி மிச்சம்" என்று விற்பவர் சொல்லும் மிச்சம் அவருடையது.

காப்பீடு: 1,500 சிசிக்கு மேல் மூன்றாம் நபர் பிரீமியம் வருடம் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அது சில்லறை. சொந்தச் சேதக் காப்பீட்டில்தான் வலி. ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம், ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி இந்த வயது வண்டிக்குக் கிடைப்பது சிரமம். உங்கள் வண்டியின் பாடி முழுக்க ஃபைபர் என்பதை நினைவில் வையுங்கள். முன் பாடி ஒரே வார்ப்பு என்றால் மூக்கில் ஒரு இடிக்கு மொத்த முன்பக்கமும் வர வேண்டும். உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வந்தால் 15 சதவீதச் சுங்கம், அதன் மேல் சர்சார்ஜ், பிறகு 18 சதவீத ஜிஎஸ்டி. 100 ரூபாய்ப் பொருள் கப்பல் கூலிக்கு முன்பே 137 ஆகிவிடும்.

வண்டிச் சட்டத்தில் அடி விழுந்தால் கதை வேறு. ஒட்டின அலுமினியத்தில் வெல்டிங் வைத்தால் சூட்டில் பசையும் போகும், உலோகத்தின் உறுதியும் போகும். பழுதுச் செலவு ஐடிவியில் (பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த நட்டம் என்று முடித்துவிடுவார்கள். ஆகவே ஐடிவியைக் குறைத்துப் பிரீமியம் மிச்சம் பிடிக்காதீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் டிராக்கில் ஓட்டும்போது நடப்பது எதற்கும் இந்தப் பாலிசி வராது. பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன.

ஓஎம்ஆர்_வாசி

பில் ஆஃப் என்ட்ரி நகல்தான் காட்டினார். அசல் கேட்கிறேன். தினசரி ஓட்டம் பத்தி யாராவது?

சோழிங்கநல்லூர்_சிக்னல்

ஓட்டலாம், ஆனால் எதோடு மோதப் போகிறோம் என்ற கணக்கு தெரிந்து ஓட்டுங்கள். உங்கள் 900 கிலோவும் ஒரு 1,800 கிலோ எஸ்யூவியும் ஆளுக்கு 50 கி.மீ.யில் நேருக்கு நேர் மோதினால், எஸ்யூவியின் வேகம் 33 மாறும், உங்களுடையது 67. அவர் சுவரில் 33ல் இடித்த மாதிரி, நீங்கள் 67ல் இடித்த மாதிரி. வண்டிச் சட்டம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதைவிட அன்றாட ஆபத்து, உங்களை யாருக்கும் தெரியாது என்பதுதான். வண்டி உயரமே இடுப்பளவு. கன்டெய்னர் லாரி டிரைவருக்கு இடப்பக்கக் கதவுக்குக் கீழே நீங்கள் இருப்பது கண்ணாடியில் விழாது. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை எந்தப் பேருந்துக்கும் இடப்பக்கம் ஒட்டி நிற்காதீர்கள். லாரிக்குப் பின்னால் சிக்னலில் நின்றால் அதன் பின் டயர் தரையைத் தொடும் இடம் உங்கள் பானெட்டுக்கு மேல் தெரிய வேண்டும். மூக்கு தாழ்ந்த வண்டி லாரியின் அடியில் புகுந்தால் முதலில் இடிப்பது முன் கண்ணாடிச் சட்டம்தான், பம்பர் அல்ல.

நிற்கும் தூரம்: 100 கி.மீ.யில் நல்ல டயர், காய்ந்த தரை என்றால் பிரேக் பிடித்த பிறகு 44 மீட்டர். கல்லான டயர், ஈரத் தரை என்றால் 87. ஒன்றரை நொடி தாமதத்துக்கு 42 மீட்டர் இரண்டிலும் கூட்டிக்கொள்ளுங்கள். நகருக்குள் கார் வரம்பு 60 கி.மீ.தான், 190 குதிரையும் சும்மாதான் நிற்கும்.

வேகத்தடை பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். நியமப்படி 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரத்தில் வட்டமாகப் போட்ட தடை உங்கள் வீல்பேஸுக்கு வயிற்றில் 39 மி.மீ.தான் தின்னும். 130 மி.மீ. இடைவெளியில் தாராளமாகப் போகலாம். தெருக்காரர்கள் போட்ட ஒரு மீட்டர் அகலக் குட்டைத் தடைதான் எமன்: முழு 100 மி.மீ.யும் வயிற்றுக்கு வரும். சீட்டில் இருவர் உட்கார்ந்தால் மிச்சமும் போய்விடும். குறுக்காக ஏறி ஒவ்வொரு சக்கரமாக இறக்குங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேறு வண்டி வைத்துக்கொள்ளுங்கள். வேளச்சேரிக்காரருக்கு இதைச் சொல்லவா வேண்டும், வெள்ளத்துக்குப் பயந்து காரை நிறுத்த மேம்பாலத்தில் இடம் பிடிக்கிற ஊர்.

ஓஎம்ஆர்_வாசி

பார்த்தாச்சு. முன் டயர் ரெண்டும் 1423. பின் டயர் ரெண்டும் 3015. இடது பின் சக்கரம் 3–9ல் ஆடுது, உள்முனையில டக் தெரியுது. 12–6ல் அசைவே இல்லை. அலைன்மென்ட் சீட்டுல பின் இடது 1.5 மி.மீ. டோ-அவுட் (முன்விளிம்பு வெளிப்பக்கம்), பின் வலது 0.8 டோ-இன் (உள்பக்கம்). கடைக்காரர்கிட்ட இந்த மாடல் அளவே கம்ப்யூட்டர்ல இல்லையாம், "பின்னாடி ஜீரோ பண்ணிடவா"ன்னு கேட்டார். வேண்டாம்னுட்டேன்.

பெரம்பூர்_ஸ்பானர்

வேண்டாம்னது நல்லது. ஜீரோ வெச்சா இந்த வண்டி தினமும் உங்களை ஏமாத்தும். பின்னாடி ரெண்டு பக்கமும் ஒண்ணுல இருந்து ஒன்றரை மி.மீ. டோ-இன் இருக்கணும், கையேட்டு எண்தான் கடைசி வார்த்தை.

கோளாறு மூணு சேர்ந்திருக்கு. லிங்க் போச்சு. பின் டயர் பத்து வருஷம் தாண்டினது. அதோட முன்னாடி மட்டும் புதுசு போட்டிருக்காங்க. முன்னாடி பிடி ஜாஸ்தி, பின்னாடி கம்மின்னா, விட்ட உடனே வால் வீசத்தான் செய்யும். புதுசு ரெண்டுதான் வாங்குவேன்னா அது பின்னாடிதான் போகணும். இந்த வண்டியில முன்னும் பின்னும் அளவு வேற, இடம் மாத்தவும் முடியாது. நாலும் ஒரே மாடலா வாங்குங்க. கம்பெனி போட்ட டிராக் டயர் பட்டன் குறைவா இருக்கும். சென்னை மழைக்குச் சாதா ஸ்போர்ட்ஸ் ரோடு டயர்தான் சரி.

லிங்க் ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க. அடித்தகடைக் கழட்டும்போதே அலுமினிய ஓரம், ஒட்டின தையல், இரும்பு போல்ட் உட்கார்ற இடம் எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. கடல் காத்துல இரும்பும் அலுமினியமும் தொடுற இடத்துல வெள்ளைப் பொடி பூக்கும். லேசா இருந்தா சுத்தம் பண்ணலாம். தையல் விரிஞ்சிருந்தா, இல்ல அந்த இடத்துல மட்டும் புதுப் பெயின்ட் தெரிஞ்சா, அட்வான்ஸ் கொடுக்காம எழுந்து வந்துடுங்க. டோ லிங்க் போறதுக்கு ஓரக்கல்லுல பின் சக்கரம் இடிச்சதும் ஒரு காரணம். ரிம் உள்விளிம்புல நெளிவு இருக்கான்னு கையால தடவிப் பாருங்க.

அலைன்மென்ட் வைக்கும்போது ரெண்டு சீட்லயும் 75 கிலோ மூட்டை, அரை டேங்க் பெட்ரோல். சாதாக் காருக்கு இது தேவைப்படாது. 900 கிலோ வண்டியில ரெண்டு ஆள்னா எடையில ஆறுல ஒரு பங்கு, உயரமும் டோவும் மாறிடும். பெட்ரோல் ஹோஸையும் பாருங்க, 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலுக்கு முந்தின ரப்பர் அது, விரல்ல அழுத்தினா பிசுபிசுன்னு இருந்தா மாத்தணும்.

இது எல்லாத்தையும் விற்பவர் செலவுல பண்ணச் சொல்லாதீங்க, அவர் மலிவா முடிச்சுடுவார். விலையில கழிச்சுட்டு நீங்களே பண்ணுங்க.

ஓஎம்ஆர்_வாசி

இடது ரிம் உள்விளிம்புல நெளிவு இருக்கு அண்ணே. சனிக்கிழமை அடித்தகடு கழட்டுறாங்க. அசல் பில் ஆஃப் என்ட்ரி இன்னும் வரலை, அதுவரைக்கும் அட்வான்ஸ் கிடையாதுன்னு சொல்லிட்டேன்.

பெரம்பூர்_ஸ்பானர்

தையலைக் கிட்டத்துல போட்டோ எடுத்துப் போடுங்க, ஃபிளாஷ் இல்லாம, டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிச்சு. லிங்க்கைக் கழட்டினா பழைய போல்ட்டைத் திரும்பப் போட விடாதீங்க.