எஸ்.டி.எல். 3இற்கு மாற்றிய லுவாப் பிணைப்பு: சுட்டெலியின் இடம் எப்போதும் 65793 என்று வருகிறது

கேள்வி: காரைதீவு ஆசிரியன்

அனைவருக்கும் வணக்கம். காரைதீவில் மாலை வகுப்பொன்றில் சிறு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துப் பயிற்சி கொடுப்பதற்காக நான் எழுதிய செய்நிரல் ஒன்று சில ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. திரையில் ஒரு படம் தோன்றும். அதன் பெயருக்குரிய எழுத்துகளைப் பிள்ளை ஒழுங்காகத் தொட வேண்டும். தோணி, மீன், நண்டு, வட்டை என்று எங்கள் பக்கத்துச் சொற்களையே போட்டிருக்கிறேன். (பாடநூலில் வயல் என்றுதான் இருக்கிறது, பிள்ளைகளின் வாயில் வட்டைதான் வருகிறது.) லுவா மொழியின் விரைவான இயக்கியான லுவாஜிட்டில் எழுதிய இச்செய்நிரல், சி மொழி நூலகங்களை அழைக்க உதவும் எஃப்.எஃப்.ஐ. வழியாக எஸ்.டி.எல். 2 வரைகலை நூலகத்தை அழைக்கிறது. வேண்டிய சார்புகள் நாற்பதுக்குள் அடங்கியதால், சி மொழித் தலைப்புக் கோப்புகளைப் பார்த்துப் பிணைப்பையும் (அச்சார்புகளையும் கட்டமைப்புகளையும் லுவாவுக்கு அறிவிக்கும் பகுதியை) நானே கையால் எழுதிக்கொண்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் அண்மையில் பேனாவுடன் கூடிய வரைபலகை ஒன்றை அனுப்பியிருந்தார். எழுத்தைத் தொடுவதோடு நில்லாமல் எழுதிப் பழகவும் வைக்கலாமே என்ற ஆசையில், பேனாவுக்கென்று தனி நிகழ்வுகளைக் கொண்டுவந்துள்ள எஸ்.டி.எல். 3இற்குப் பிணைப்பை மாற்றத் தொடங்கினேன். பெயர் மாறிய சார்புகளை மாற்றினேன். சாளரத்தை உருவாக்கும் சார்பிலிருந்து இடங்குறிக்கும் இரண்டு அளபுருக்களை நீக்கினேன். செவ்வகங்களைத் தசம எண் கொண்டவையாக்கினேன். முதலில் சாளரமே திறக்கவில்லை. 'பிழை:' என்று எழுதிவிட்டு, அதன் பின் ஒரு சொல்லும் இல்லாமல் செய்நிரல் நின்றது. நூலகத்தைத் தொடக்கிவைக்கும் இனிட் சார்பு முன்பு வெற்றிக்குச் சுழியைத் திருப்பித் தந்தது, இப்போது உண்மை என்று தருகிறது, ஆகவே நான் வெற்றியைத்தான் தோல்வி என்று எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போனது. சோதனையை 'இனிட் இல்லையென்றால் பிழை' என்று திருப்பி எழுதியதும் சாளரம் திறந்தது.

இப்போது மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, திரையில் எங்கே அழுத்தினாலும் நிலைக்குத்து இடம் 65793 என்றே வருகிறது. வலப் பொத்தானை அழுத்தினால் 65795. விரைவாக இரண்டு முறை அழுத்தினால் இரண்டாம் முறை 131329. கிடை இடமாக எப்போதும் மாறாத ஒரு சிறிய எண் வருகிறது. பேனாவால் தொட்டால் மட்டும் அது -2 ஆகிறது. இரண்டாவது, சில நிமிடங்கள் ஓடியபின் செய்நிரல் எச்சரிக்கை எதுவுமின்றி விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் விழும் இடம் வேறாக இருக்கிறது. மூன்றாவது, 'மீன்' என்று எழுதச் சொன்னால் 'ம' என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் ஒரு வெற்றுப் பெட்டியும் தோன்றுகின்றன. எழுத்துரு பழையதுதான், எஸ்.டி.எல். 2இல் அது சரியாகவே வேலை செய்தது. எங்கே தவறினேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி 1: வாவிக்கரை (மட்டக்களப்பு)

வணக்கம் ஆசிரியரே. உங்கள் பழைய பிணைப்பைப் புதிய கணினியில் அப்படியே ஓட்டிப் பார்த்தீர்களா? எஸ்.டி.எல். 3இன் மேல் அமர்ந்து எஸ்.டி.எல். 2 போலவே நடந்துகொள்ளும் ஒத்திசைவு நூலகம் ஒன்றை அதே குழுவினரே வெளியிட்டிருக்கிறார்கள். ஆர்ச் லினக்ஸும் ஃபெடோரா 42உம் 2025இல் எஸ்.டி.எல். 2இன் இடத்தில் அதையே வைத்துவிட்டன. எனவே பழைய செய்நிரலில் ஒரு வரியையும் மாற்றாமல் இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். ஓடுகிற வண்டியின் சில்லைக் கழற்றுவது எனக்கு ஒருபோதும் உடன்பாடு இல்லை. உங்களுக்குப் பேனாவின் அழுத்தம் உண்மையிலேயே தேவை என்றால் மட்டும் மேற்கொண்டு போங்கள்.

மறுமொழி 2: கல்லடி நிரலர்

வணக்கம் தம்பி. தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்த விபுலாநந்த அடிகளின் ஊரிலிருந்து எழுதுகிறவர் 'பைண்டிங்' என்று எழுதாமல் பிணைப்பு என்று எழுதியதைக் கண்டு மகிழ்ந்தேன். வாவிக்கரை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒத்திசைவு நூலகம் எஸ்.டி.எல். 2இன் முகத்தை மட்டுமே காட்டும். பேனா நிகழ்வுகள் அதன் வழியாக உங்களுக்குக் கிடைக்கமாட்டா. ஆகவே மாற்றத்தான் வேண்டும்.

நீங்கள் தந்த எண்களே உங்கள் நோயைச் சொல்லிவிடுகின்றன. 65793 என்பது 65536, 256, 1 ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. அதாவது 1, 1, 1, 0 என்று நான்கு பைற்றுகள் வரிசையாக இருந்து, அவற்றை ஒரே முழுவெண்ணாக வாசித்தால் வருவது. வலப் பொத்தானின் எண் 3. முதற் பைற்று 3 ஆனதும் 65795 கிடைக்கிறது. இரட்டை அழுத்தலில் மூன்றாம் பைற்று 2 ஆகி, 131329 வருகிறது. எனவே நீங்கள் இடத்தை வாசிக்கவில்லை. எந்தப் பொத்தான், அது கீழே இருக்கிறதா, எத்தனையாவது அழுத்தல் என்ற மூன்று செய்திகளை ஒன்றாகச் சேர்த்து வாசிக்கிறீர்கள். நான்காவது பைற்று வெறும் நிரப்பு. அதில் என்ன இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. உங்கள் கணினியில் அது சுழியாக அமைந்ததால்தான் எண் இவ்வளவு ஒழுங்காக வந்தது.

காரணம் நேரமுத்திரை. எஸ்.டி.எல். 2இல் நிகழ்வின் நேரம் மில்லிசெக்கனில், 4 பைற்றுகளில் இருந்தது. எஸ்.டி.எல். 3இல் அது நானோசெக்கனில், 8 பைற்றுகளில் இருக்கிறது. அதற்கு முன்னால் 4 பைற்றுகள் ஒதுக்கிடமாகவும் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே அதற்குப் பின்னால் உள்ள புலங்கள் எல்லாம் 8 பைற்றுகள் தள்ளிப் போய்விட்டன. பொத்தான் நிகழ்வில் முன்பு கிடை இடம் தொடக்கத்திலிருந்து 20 பைற்றுகள் தள்ளியும் நிலைக்குத்து இடம் 24 பைற்றுகள் தள்ளியும் இருந்தன. இப்போது அவை 28இலும் 32இலும் இருக்கின்றன. 20இல் இப்போது இருப்பது எந்தக் கருவி என்னும் அடையாள எண். பேனாவிலிருந்து பிறக்கும் சுட்டெலி நிகழ்வுகளுக்கு நூலகம் -2 என்ற அடையாளத்தை இடுகிறது. நீங்கள் கண்ட -2 அதுதான். சுட்டெலியை அழுத்தும் நிகழ்வின் வகை எண் இரண்டு பதிப்புகளிலும் ஒன்றாகவே இருப்பதால், உங்கள் செய்நிரல் நிகழ்வைச் சரியாக அடையாளங்கண்டு, அதன் உள்ளே மட்டும் தவறான இடத்தைப் பார்த்திருக்கிறது.

அறிவிப்பைத் திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடங்கள் இப்போது முழுவெண்கள் அல்ல, தசம எண்கள். இடத்தை மட்டும் சரிசெய்து வகையை மாற்றாமல் விட்டால், 320 என்று வரவேண்டிய இடத்தில் 1134559232 வரும்.

இரண்டாவது சிக்கலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ஆபத்து கூடியது. எல்லா நிகழ்வுகளையும் தாங்கும் யூனியனின் (ஒரே நினைவிடத்தைப் பல வகைகள் பகிரும் சி மொழி அமைப்பின்) அளவு எஸ்.டி.எல். 2இல் 56 பைற்றுகள், எஸ்.டி.எல். 3இல் 128 பைற்றுகள். உங்கள் பழைய அறிவிப்பின்படி லுவாஜிட் 56 பைற்றுகளுக்குத்தான் இடம் ஒதுக்குகிறது. நூலகமோ ஒவ்வொரு நிகழ்வையும் எடுத்துத் தரும்போது 128 பைற்றுகளை எழுதுகிறது. மீதி 72 பைற்றுகள் பக்கத்து வீட்டு வளவுக்குள் விழுகின்றன. அங்கே குடியிருப்பது லுவாவின் ஏதோ ஓர் அட்டவணையாகவோ சரமாகவோ இருக்கலாம். அது கெட்டுப்போனது அந்த நொடியில் தெரியாது. பயன்படாத நினைவகத்தை லுவா மீட்டெடுக்கும் குப்பை சேகரிப்பு அவ்வழியே வரும்போதுதான் செய்நிரல் விழும். விழும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுவதும் அதனால்தான். யூனியனின் கடைசியில் 128 பைற்றுகள் கொண்ட நிரப்பு அணி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

கையால் எழுதிய அறிவிப்பை லுவாஜிட் அப்படியே நம்பிவிடும். சரிபார்க்க அதனிடம் வேறு ஆதாரம் இல்லை. எனவே சி மொழியில் பத்து வரியில் ஒரு சிறு செய்நிரல் எழுதி, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு கட்டமைப்பின் அளவையும் புலங்களின் இடத்தையும் அச்சிடச் செய்யுங்கள். அதே எண்களை லுவாப் பக்கத்தில் எஃப்.எஃப்.ஐ.யின் சைஸ்-ஆஃப், ஆஃப்செட்-ஆஃப் ஆகியவற்றால் பெற்று ஒப்பிடுங்கள். நான் பிணைப்பு எழுதும்போதெல்லாம் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறேன். ஒருமுறை செய்யாமல் விட்டு மூன்று நாள் அலைந்திருக்கிறேன்.

இனிட் சோதனையையும் நீங்கள் முழுமையாகத் திருத்தவில்லை என்று ஐயுறுகிறேன். அறிவிப்பில் அது இன்னும் முழுவெண்ணைத் திருப்பித் தரும் சார்பாகவே இருந்தால், 'இல்லையென்றால் பிழை' என்ற சோதனை ஒருபோதும் பிழையைக் காட்டாது. ஏனெனில் லுவாவில் சுழியும் உண்மையாகவே கொள்ளப்படும். வெற்றி தோல்வியை மட்டும் சொல்லும் சார்புகள் அனைத்தையும் பூலியன் என்றே அறிவியுங்கள். முழுவெண் என்று விட்டு ஒன்றா சுழியா என்று ஒப்பிடுவதும் நல்லதல்ல. சி மொழியில் பூலியனைத் திருப்பும்போது மிகக் கீழுள்ள பைற்றுக்கு மட்டுமே பொறுப்பு உண்டு, மேலுள்ள பைற்றுகளில் எதுவும் கிடக்கலாம்.

மறுமொழி 3: அக்கரைப்பற்று மாணவி

ஆசிரியருக்கு வணக்கம். மூன்றாவது சிக்கலுக்கு என்னால் விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்; சென்ற மாதம் நானும் அதில் மாட்டிக்கொண்டேன். எழுத்துருவுக்கான துணை நூலகத்தின் மூன்றாம் பதிப்பில், சொல்லை வரையும் சார்புகள் சொல்லுக்கு அடுத்ததாக அதன் நீளத்தையும் கேட்கின்றன. நீங்கள் நீளமாக 4 என்று கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சார்பு கேட்பது பைற்றுகளின் எண்ணிக்கை. தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூ.டி.எஃப்.-8இல் 3 பைற்றுகளைப் பிடிக்கும். 'மீன்' என்பது நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடுக்கு மகரம், ஈகாரக் குறி, னகரம், புள்ளி என்று நான்கு குறியீடு. நினைவகத்தில் 12 பைற்றுகள். 4 என்று கொடுத்தால் மகரத்தின் மூன்று பைற்றுகளும் ஈகாரக் குறியின் முதற் பைற்றும் மட்டும் போகும். அந்த அரைகுறைப் பைற்றுத்தான் வெற்றுப் பெட்டியாகத் தோன்றுகிறது.

லுவாவின் நீளக்குறி பைற்றுகளையே எண்ணுவதால் அதை நேரடியாகக் கொடுக்கலாம். அதைவிட எளிது, சுழியைக் கொடுப்பது. அப்போது சொல்லின் முடிவை நூலகமே கண்டுகொள்ளும். எழுத்துமுறை தமிழ் என்பதையும் எழுத்துருவுக்கு ஒருமுறை அறிவித்துவிடுங்கள். உங்கள் நூலகம், எழுத்துகளை உரிய வடிவிலும் வரிசையிலும் அமைக்கும் ஹார்ஃப்பஸ் இல்லாமல் தொகுக்கப்பட்டிருந்தால் 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆகவே அந்த எழுத்தை முதலில் வரைந்து பார்ப்பது நல்லது.

காரைதீவு ஆசிரியன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வாவிக்கரை அண்ணன் கேட்டதற்குப் பதில்: பழைய பிணைப்பு புதிய கணினியிலும் ஓடுகிறது, வகுப்பில் இன்றும் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வேலை வீட்டுக் கணினியில் தனியாகவே நடக்கிறது.

சி மொழியில் அந்தச் சிறு செய்நிரலை எழுதி ஒப்பிட்டேன். ஒன்பது கட்டமைப்புகளில் ஐந்து தவறாக இருந்தன. யூனியனின் அளவைத் திருத்தியபின் நேற்று மாலை இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டேன்; குப்பை சேகரிப்பை வேண்டுமென்றே ஒவ்வொரு சுற்றிலும் அழைத்தும் பார்த்தேன்; விழவில்லை. பொத்தான் நிகழ்வைத் திருத்திவிட்டு அசைவு நிகழ்வில் வகையை மாற்ற மறந்ததால், கல்லடி ஐயா சொன்ன அதே நூறு கோடி எண்களை ஒருமுறை நேரில் கண்டேன். நீளத்தைப் பொறுத்தவரை தங்கையின் ஊகம் முழுவதும் சரி. லுவாஜிட்டில் யூ.டி.எஃப்.-8 நூலகம் உடன் வராததால் குறியீடுகளை எண்ணும் சார்பொன்றை நானே எழுதி வைத்திருந்தேன்; அந்தக் கெட்டித்தனம்தான் வினையாகிவிட்டது. இப்போது சுழியைக் கொடுக்கிறேன். 'கொ' ஒழுங்காக நிற்கிறது.

மற்றொன்று மட்டும் மிச்சமிருக்கிறது. பேனாவால் ஒரு கோடு இழுத்தால் இரண்டு கோடுகளாகப் பதிவாகிறது. பேனாவின் நிகழ்வையும் அதிலிருந்து பிறக்கும் சுட்டெலி நிகழ்வையும் நான் இரண்டு முறை கணக்கில் எடுக்கிறேன் என்பது விளங்குகிறது. கருவியின் அடையாளம் -2 என்றால் அந்தச் சுட்டெலி நிகழ்வைத் தள்ளிவிடு என்று எழுதியும் பயன் இல்லை.

மறுமொழி 4: கல்லடி நிரலர்

அறிவிப்பைத் திருத்தியபோது அடையாளப் புலத்தைக் குறியில்லாத 32 பிற்று எண்ணாக மாற்றியிருப்பீர்கள், அது சரியே. ஆனால் அவ்வாறு வாசிக்கும்போது -2 என்பது லுவாவுக்கு 4294967294 ஆகத் தெரியும். முன்பு நீங்கள் -2ஐக் கண்டது, குறியுள்ள எண்ணாக அறிவித்த கிடை இடத்தின் வழியாக. அந்தப் பெரிய எண்ணுடன் ஒப்பிடுங்கள். பேனாவிலிருந்து சுட்டெலி நிகழ்வு பிறப்பதையே நிறுத்த ஒரு முன்குறிப்பும் (நூலகத்துக்கு நாம் இடும் அமைப்பு) இருக்கிறது. ஆனால் பட்டியல் பொத்தான்களைப் பிள்ளைகள் பேனாவாலும் அழுத்துவார்கள் என்றால் அதை நிறுத்தாமல் ஒப்பிட்டுத் தள்ளுவதே வசதி.

காரைதீவு ஆசிரியன் எழுதியது:

ஒப்பீட்டை மாற்றினேன், இப்போது கோடு ஒன்றுதான். அழுத்தம் 0இலிருந்து 1 வரை தசமமாக வருவதால் அதைக் கோட்டின் தடிப்போடு இணைத்திருக்கிறேன். வீட்டில் சிறிய மகள் 'அ' எழுதிப் பார்த்தாள். தொடக்கச் சுழியில் மிகவும் அழுத்திவிட்டு வாலில் கையைத் தூக்கிவிடுகிறாள் என்பது முதன்முறையாகத் திரையில் தெரிந்தது.