சிங்கப்பூரில் சனி ஞாயிறு பிள்ளைகளோடு ஊர் சுற்றுவது அம்மாவுக்கு ஓய்வா, இன்னொரு வேலைநாளா?

செங்காங் வால்களின் அம்மா:
யாரையும் குத்திக்காட்ட எழுதவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சனி ஞாயிறு வந்தால் பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகாத அம்மா சோம்பேறி என்கிற பேச்சு வாட்ஸ்ஆப் குழுவில் ஆரம்பித்து இப்போது மாமியார் வாய் வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு ஐந்து வயதில் ஒருவன், மூன்று வயதில் ஒருத்தி. வாரம் முழுக்கக் காலையில் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடி, சாயந்தரம் ஏழு மணிக்குள் அங்கே திரும்ப ஓடி, குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்து முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறது. சனிக்கிழமை காலையில் கண்ணைத் திறந்தால் பிள்ளைகளும் வீட்டுக்காரருமாக மூன்று பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், இன்றைக்கு எங்கே என்று.

கரையோரப் பூந்தோட்டத்தில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் விளையாட்டு இலவசம்தான், யார் இல்லை என்றது? நீச்சலுடை, ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத்துணி, துண்டு, தொப்பி, கொசுவுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர், சின்னவளுக்குத் தயிர்சாதம், பெரியவன் தயிர் தொடமாட்டான் என்பதால் அவனுக்குத் தனி டப்பா, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. இவ்வளவும் எடுத்து வைத்து முடித்ததும் அவர் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று "ரெடியா?" என்பார். திரும்பி வந்ததும் அவர் சோபாவில், நான் துணி துவைக்கிற மெஷின் முன்னால். இதற்குப் பெயர் குடும்ப ஓய்வாம்.

நான் முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பிள்ளைகள் அப்பாவோடு, நான் தனியாக நூலகத்தில். சாயந்தரம் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே இருக்கிற விளையாட்டு இடம், அவ்வளவுதான். ஞாயிறு வேண்டுமானால் பார்க்கலாம். இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்.

பாசிர் ரிஸ் மூவர்:
தப்புதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் இந்த வயதில் இருக்கப்போவது இந்தக் கொஞ்ச காலம்தான். பூமலையில், அதுதான் தாவரவியல் பூங்காவில், ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறதே, அங்கே 14 வயதுக்குள் பிள்ளை கூட இல்லாமல் பெரியவர்களை உள்ளேயே விடமாட்டார்கள். இன்னும் சில வருடம் போனால் நீங்கள் ஆசைப்பட்டாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். நூலகம் எங்கேயும் ஓடிப்போகாது.

எனக்கு மூன்று பிள்ளைகள், அவருக்கு ஷிஃப்ட் வேலை, பாதி வாரக் கடைசியில் நான் மட்டும்தான். குழந்தைத் தள்ளுவண்டியை மடிக்காமலே பேருந்தில் ஏற்றலாம் என்று 2017இல் விட்டார்களே, அதற்கு அப்புறம் எனக்குக் கால் கை முளைத்த மாதிரி. பிள்ளைகளுக்கு ஏழு வயது வரை சலுகை அட்டை இருந்தால் ரயிலும் பேருந்தும் காசில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். நீங்கள் எழுதிய பட்டியலில் பாதி தேவையே இல்லை. பிள்ளை ஈரத்தோடு வீட்டுக்கு வந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

ரெண்டு பையன் அப்பா:
இதில் அப்பாவை ஏன் இழுக்கிறீர்கள் என்று தெரியவில்லை. கார் ஓட்டுவது நான், பார்க்கிங் தேடி மூன்று சுற்று சுற்றுவது நான், கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டால் தோளில் தூக்குவது நான். பை கட்டத் தெரியாது என்று யார் சொன்னது? என்ன வேண்டும் என்று சொன்னால் எடுத்து வைக்கப்போகிறோம். வாயைத் திறந்து சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

கடையநல்லூர்ப் பேத்தி:
அண்ணே, "சொன்னால் செய்வோம்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சொல்வதற்கு முன்னால் ஒருத்தி நினைத்துப் பார்த்திருக்க வேண்டும் இல்லையா? போன வாரம் வாங்கிய செருப்பு சின்னவனுக்குக் கடிக்கிறது, பழைய சாண்டலே போடலாம். பெரியவனுக்கு மூக்கு ஒழுகுகிறது, தண்ணீர் விளையாட்டு வேண்டாம். மதியத்துக்கு மேல் இடி மழை வரும் போல இருக்கிறது, காலையிலேயே போய்த் திரும்பிவிட வேண்டும். போகிற இடத்தில் ஹலால் கடை இருக்கிறதா, இல்லையென்றால் சோறு கட்ட வேண்டும். இவ்வளவும் என் தலைக்குள் ஓடி முடிந்த பிறகு கடைசியில் "அந்தத் துண்டை எடுங்கள்" என்று ஒரு வரி வெளியே வரும். நீங்கள் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு பாதி வேலையை நீங்கள் செய்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. வெளியே போகலாம் என்று யார் வாயைத் திறக்கிறார்களோ அவர்களே எல்லாம் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு அப்புறம் அவர் வாயிலிருந்து மண்டாய் விலங்குத்தோட்டம் என்ற பேச்சே வரவில்லை, கீழே காப்பிக்கடையில் பிராட்டா சாப்பிடலாமா என்பதோடு நின்றுவிட்டது.

ரெண்டு பையன் அப்பா:
பிராட்டா சாப்பிட்டால் பிள்ளைகளும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். அதையும் குற்றம் மாதிரி எழுதுகிறீர்கள்.

தோ பாயோ பாட்டி:
எல்லாரும் எழுதுகிறீர்கள், நானும் எழுதுகிறேன். என் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது சனி ஞாயிறு எங்கே போவது என்று யாரும் கேட்டதில்லை. இங்கே டிராகன் விளையாட்டு மைதானம் இருக்கிறது, 1979இல் வந்தது, இன்றைக்கும் சுற்றுலாக்காரர்கள் வந்து படம் பிடிக்கிறார்கள். மத்தியானம் சோறு போட்டுக் கீழே துரத்திவிடுவேன். அடியில் எல்லாம் மணல், இப்போது பல இடத்தில் போட்டிருக்கிற ரப்பர் தரை எல்லாம் கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு சட்டைப்பை நிறைய மணலோடு மேலே வருவார்கள். நான் ஒரு நாளாவது அவர்களோடு சேர்ந்து விளையாடினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், இல்லை. அவர்களும் என்னைத் தேடவில்லை.

செங்காங் பெண்ணுக்கு, நூலகம் போம்மா, யார் தடுத்தது. ஆனால் ஒன்று. நீ நூலகம், உன் வீட்டுக்காரர் அவசர வேலை என்று வெளியே, கடைசியில் பிள்ளைகள் பாட்டி மடியில் என்று ஆகக் கூடாது. என் வீட்டில் அப்படித்தான் ஆகிறது. எனக்கு முழங்கால் வலி, இந்தப் பொடியன் தள்ளுவண்டியில் உட்காரமாட்டான், லிஃப்ட் பொத்தானைத் தானே அமுக்க வேண்டும் என்று அடம் பிடிப்பான், நான் அமுக்கிவிட்டால் மறுபடி கீழே இறங்கி ஏற வேண்டும். பாட்டிக்கு எப்போது ஓய்வு என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

பாசிர் ரிஸ் மூவர்:
பாட்டிம்மா, நீங்கள் சொன்ன மைதானக் கதை இப்போது நடக்காது. நான்கு வயதுப் பிள்ளையைத் தனியாகக் கீழே அனுப்பினால் பக்கத்து வீட்டார் படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். அம்மாவும் கூடவே நிற்க வேண்டும், அந்த வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் யார் நிற்கிறார்கள்? மேலே வந்ததும் டேப்லெட். உண்மையைச் சொல்லுங்கள் செங்காங் அக்கா. சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் சொன்னது, ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரை பள்ளி வேலை தவிர ஒரு நாளைக்குத் திரை ஒரு மணி நேரத்துக்குள், சாப்பிடும்போது கூடாது, தூங்குவதற்கு முந்தின ஒரு மணி நேரமும் கூடாது. வீட்டிலேயே இருக்கிற சனிக்கிழமையில் அந்த ஒரு மணி நேரம் காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும். மிச்ச நாளை என்ன செய்கிறீர்கள்? அதனால்தான் வெளியே போவது எனக்குச் சுலபம் என்கிறேன். பூங்காவில் யாரும் டேப்லெட் கேட்பதில்லை.

செங்காங் வால்களின் அம்மா:
கேட்டீர்களே, சொல்கிறேன். டேப்லெட் கேட்பார்கள்தான், அழுவார்கள்தான், கொஞ்ச நேரம் வீடே இரண்டாகும். அப்புறம் ஓயும். ஒரு கட்டுக் கறிவேப்பிலையைத் தரையில் போட்டு இலையை உருவச் சொன்னால் சின்னவள் ஒவ்வொரு இலையாகக் கிள்ளி வரிசையாக அடுக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள், பாதி இலை கசங்கிப் போகும், போகட்டும். பெரியவன் நடைபாதையில் இருக்கிற தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று எதிர்வீட்டு ஆன்ட்டியின் செருப்பையும் நனைத்து வைப்பான். அவர் வந்து சிரித்துக்கொண்டே திட்டுவார். இதெல்லாம் வாட்ஸ்ஆப்பில் போட்டால் அழகாக இருக்காது, அதனால் நாங்கள் எங்கேயும் போகாதவர்கள் ஆகிவிடுகிறோம்.

இன்னொன்று. வாரம் முழுக்க அவர்கள் காதில் விழுவது ஆங்கிலம். என்னிடம் தமிழ் பேசுகிற நேரம் இந்த வெட்டி நேரம்தான். வெளியே போனால் "ஓடாதே, தொடாதே, வா, குடி, போ" என்று ஐந்து வார்த்தைக்கு மேல் என் வாயில் வருவதே இல்லை. வீட்டில்தான் இந்தப் பூ ஏன் வாடியது, பூனை ஏன் படியில் தூங்குகிறது என்று கதை ஓடும்.

அந்தப் பாலாஸ் தோட்டம் பிள்ளை இல்லாதவர்களை உள்ளே விடாதது எனக்குப் பாடம் எடுப்பதற்காக இல்லை. பயமுறுத்தாதீர்கள்.

ஜூரோங் புதுசு:
வணக்கம், நான் இங்கே வந்து அதிக நாள் ஆகவில்லை, திருச்சிப் பக்கம். படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. செங்காங் அக்கா, நீங்களும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் வீடு உங்களுக்கு ஓய்வாகத் தெரிகிறது. நான் திங்கள் முதல் ஞாயிறு வரை இரண்டு வயதுக் குழந்தையோடு வீட்டில்தான். மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, பேச ஆள் இல்லை. சில நாள் அவர் ராத்திரி வந்த பிறகுதான் பெரிய மனுஷரோடு பேசுகிறேன். எனக்கு வெளியே போவதுதான் மூச்சு. பை கட்டுவது ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

அனுமதிச்சீட்டு எல்லாம் எங்களால் முடியாது, அரும்பொருளகம் இலவசம் என்பது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். விலங்குத்தோட்டத்தில் மூன்று வயதுக்குள் குழந்தைக்குக் காசில்லை, ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் வாங்க வேண்டுமே. அதனால் ஜூரோங் ஏரித் தோட்டம். அங்கே மணலில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சீன அம்மா எங்கள் பிள்ளைக்கு வாளி கொடுத்தார், இப்போது பார்க்கும்போதெல்லாம் பேசுகிறோம், அவர் தமிழும் நான் சீனமும் தெரியாமல்தான். உங்களுக்கு அது வேலைநாள், எனக்கு அந்த ஒரு நாள்தான் நாள்.

பாசிர் ரிஸ் மூவர்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், எனக்கு இப்படி எழுத வரவில்லை.

கடையநல்லூர்ப் பேத்தி:
ஜூரோங் தங்கச்சி சொல்வது வேறு விஷயம்மா, அதையும் இதையும் சேர்த்துக் குழப்பக் கூடாது. அவருக்கு ஆள் வேண்டும், செங்காங்காரருக்கு ஆளில்லாத இரண்டு மணி நேரம் வேண்டும். இரண்டையும் யாரோ ஒருவர் ஏற்பாடு செய்ய வேண்டும், அது அம்மாவே என்றால் அப்புறம் என்ன ஓய்வு?

ரெண்டு பையன் அப்பா:
சுற்றிச் சுற்றி இங்கேயே வருகிறீர்கள். இவ்வளவு கஷ்டம் என்றால் பணிப்பெண் வைத்துக்கொள்ளலாமே? எங்கள் வீட்டில் அப்படித்தான், என் மனைவிக்கு ஒரு குறையும் இல்லை.

கடையநல்லூர்ப் பேத்தி:
குறை இல்லை என்று உங்கள் மனைவி வந்து எழுதட்டும், அப்புறம் பேசலாம். பணிப்பெண் ஞாயிற்றுக்கிழமை தோழிகளைப் பார்க்கப் போவார், போக வேண்டும். 2023 தொடக்கத்திலிருந்து மாதத்தில் ஒரு ஓய்வு நாளைக் காசு கொடுத்துக்கூட வாங்கிக்கொள்ள முடியாது, நல்ல சட்டம். ஆக, நாம் பேசுகிற அதே ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யார் இருக்கிறார்கள்? சரி, ஏழு வயதுக்குள் குடிமகப் பிள்ளை இருந்தால் வேலைக்குப் போகிற அப்பாவுக்கும் வருடத்துக்கு ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டே, அதை எதற்கு எடுத்தீர்கள்?

ரெண்டு பையன் அப்பா:
இரண்டு பேருக்கும் ஒருவர் மாற்றி ஒருவர் கை கால் வாய்ப்புண் வந்தது, அதிலேயே தீர்ந்தது. நான்தான் வீட்டில் இருந்தேன். இதை யாரும் பாராட்ட மாட்டீர்கள்.

தோ பாயோ பாட்டி:
பாராட்டுகிறேன் தம்பி. என் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் துறைமுகத்தில் ஓவர்டைம் இருக்கிறது என்று போய்விடுவார்.

ரெண்டு பையன் அப்பா:
நன்றி பாட்டி. நீங்கள் ஒருவர்தான்.

பாசிர் ரிஸ் மூவர்:
எனக்கு இன்னும் செங்காங் அக்கா சொல்வது முழுதாக ஒப்பவில்லை. கறிவேப்பிலை எல்லாம் சரி, ஆனால் மூன்று வயதுப் பிள்ளை ஓட வேண்டும், ஏற வேண்டும், விழ வேண்டும். கீழே இருக்கிற ஒரு சறுக்கு போதாது. எங்கள் பூங்காவில் கயிற்று வலையில் ஏறுகிற விளையாட்டு இருக்கிறது, பெரியவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஞாயிறு சாயந்தரம் ஐந்தரைக்கு வந்தால் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும், வெயிலும் சுடாது. ஜூரோங் தங்கச்சியும் வரட்டும், தூரம்தான், ஆனால் ரயிலில் மாறவே வேண்டாம், பச்சை வழித்தடத்தில் ஏறி உட்கார்ந்தால் நேராகப் பாசிர் ரிஸ்ஸில் இறங்கலாம். சாப்பாடு யாரும் கட்ட வேண்டாம், பக்கத்திலேயே கடைகள் இருக்கின்றன.

ஜூரோங் புதுசு:
நிஜமாகவா அக்கா? வருகிறேன். குழந்தை ரயிலில் ஒரு மணி நேரம் உட்காருவானா என்றுதான் யோசனை, ஆனால் வருகிறேன்.

செங்காங் வால்களின் அம்மா:
ஞாயிறு என்றால் நானும் வருகிறேன். ஆனால் சனிக்கிழமை காலை நூலகத்தை யாருக்காகவும் விடுவதாக இல்லை, மாமியாரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை. பை அவர்தான் கட்டுவார், ஏதாவது விட்டுப்போனால் விட்டுப்போகட்டும். பாட்டிம்மா, நீங்களும் வாருங்கள், பேரனைப் பார்த்துக்கொள்ள இல்லை, சும்மா உட்கார.

தோ பாயோ பாட்டி:
பேரனை அவன் அப்பனிடம் விட்டுவிட்டு வருகிறேன். உட்கார முதுகு சாய்கிற பெஞ்ச் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.