12 வயது, குதிகால் வலி, பாயின்ட் ஷூ: இப்போதே தொடங்கலாமா?

கொன்றை (டொராண்டோ):
மகளுக்கு 12 வயது 4 மாதம். எட்டு வயதிலிருந்து பாலே. இப்போது வாரம் 4 வகுப்பு, தலா ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை பரதமும் உண்டு. கடந்த 6 மாதத்தில் 4.5 செ.மீ. வளர்ந்துவிட்டாள். இன்னும் வயதுக்கு வரவில்லை. குதித்து இறங்கினால் இரண்டு குதிகாலும் வலிக்கிறது. போன வருடம் காதுவரை போன கால் இப்போது தோளுக்கே ஏற மறுக்கிறது, சுழன்றால் தடுமாறுகிறாள். பயிற்சி போதவில்லை என்று சொல்லி ஆசிரியை ஸ்ப்ளிட்டில் உட்காரவைத்து இடுப்பை அழுத்துகிறார். கூடப் படிக்கும் பிள்ளைகள் ஜனவரியில் பாயின்ட் ஏறுகிறார்கள், அதாவது முனை கடினமான ஷூவில் விரல் நுனியில் நின்று ஆடத் தொடங்குகிறார்கள். இவளும் ஏறலாமா?

முழங்கால்முனி:
முதலில் அந்த அழுத்தலை நிறுத்தச் சொல்லுங்கள். தொடையின் பின்தசை உட்காரும் எலும்பில் ஒட்டுகிற இடம் இந்த வயதில் இன்னும் முழு எலும்பாகவில்லை. பெரியவர்களுக்குத் தசை கிழியும். பிள்ளைகளுக்கு எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். அப்படி ஆனால் பல மாதம் வகுப்பு கிடையாது.

6 மாதத்தில் 4.5 என்றால் வருடக் கணக்கில் 9 செ.மீ. பெண் பிள்ளைகள் உச்சத்தில் வளரும் வேகமே சராசரியாக 8 செ.மீ.தான், அதனால் அவள் அந்த உச்சத்தில் இருக்கிறாள். முதலில் எலும்பு நீளும், தசையும் தசைநாணும் பின்னாலேதான் வரும். காலின் நீளமும் எடையும் கூடிவிட்டன, தூக்குகிற இடுப்புத் தசைக்கு அந்த பலம் இன்னும் வரவில்லை. கால் ஏறாததும் தடுமாற்றமும் இதனால்தான். பயிற்சியைக் கூட்டினால் சரியாகாது.

குதிகாலுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை: குதிகாலின் இரு பக்கத்தையும் உள்ளங்கைகளால் அமுக்குங்கள். "ஆ" என்றால் பெரும்பாலும் ஸீவர்ஸ் என்கிற, வளரும் பிள்ளைகளுக்கு வரும் குதிகால் வலி. குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டை மேலிருந்து அக்கிலிஸ் தசைநாண் இழுக்கிறது, கீழிருந்து பாதத்தின் அடித்திசு இழுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தட்டு எரிச்சலாகிறது. பாலே ஷூவில் குதிகால் மெத்தை என்பதே இல்லாததால் ஒவ்வொரு குதிப்பும் நேராக அங்கே போய் அடிக்கும்.

வலி வேறு இடத்தில் இருந்தால் கதையே வேறு. ரெலவேயில் (குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எழுவது) எழும்போதோ பாதத்தை நீட்டும்போதோ, அக்கிலிஸுக்கு முன்னால் கணுக்காலின் பின்புறம் ஆழத்தில் வலித்தால், அங்கே சிலருக்கு இருக்கும் கூடுதல் சிற்றெலும்பு நசுங்குகிறது, அல்லது பெருவிரலை மடக்கும் தசைநாண் உரசுகிறது. பாதத்தை நீட்டியபடி பெருவிரலை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள். வலியோ சொடுக்கோ வந்தால் தசைநாண் பக்கம் சந்தேகப்படலாம். இந்த நிலையில் பாயின்ட் பேச்சே வேண்டாம்.

ஸீவர்ஸ் என்றால் நடனத்தை நிறுத்த வேண்டியதில்லை. குதிப்பு மட்டும் வேண்டாம். நடக்கும்போதும், பிறகு ஒற்றைக் காலில் துள்ளும்போதும் வலி இல்லை என்றாகும்வரை. பார் பயிற்சி (கம்பியைப் பிடித்துச் செய்வது), அடாஜியோ என்கிற மெதுவான அசைவுகள், கை அசைவு எல்லாம் நடக்கட்டும். வெளியே போடும் ஷூவில் ஹீல் கப் (குதிகாலைத் தாங்கும் மெத்தை) வையுங்கள். கெண்டைக்கால் நீட்டலை முழங்கால் நேராக ஒரு முறை, மடக்கி ஒரு முறை, 30 வினாடி வீதம் மூன்று சுற்று செய்யலாம். மாத்திரை போட்டுவிட்டு வகுப்புக்கு அனுப்பாதீர்கள். வலி மறைந்தால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்கே தெரியாது.

பார்_பக்கம்:
பாயின்டுக்கு வருகிறேன். சர்வதேச நடன மருத்துவ அறிவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் 12 வயதுக்கு முன் வேண்டாம் என்கிறது. 12 ஆனால் உடனே ஏற்றலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. வாரம் ஒரே வகுப்பு, தளர்ந்த கணுக்கால், பலமில்லாத நடுவுடல் எல்லாம் தள்ளிப்போடக் காரணங்கள். இவற்றைப் பார்க்கலாம்:

பென்சில்: பாதத்தை முழுக்க நீட்டி, முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறத்திலிருந்து கணுக்கால் மேல் பென்சிலை வைத்தால் அது தட்டையாகப் படிய வேண்டும். நடுவில் பள்ளம் தெரிந்தால், ஷூவின் பெட்டி (விரல்களை மூடும் கடின முனை) மேல் நேராக நிற்க முடியாமல் பின்னால் சாய்வாள்.

விமானம்: ஒற்றைக் காலில் உடலை முன்னால் சாய்த்து, மற்ற காலைப் பின்னால் நீட்டி, நிற்கும் காலை மடக்கிக் கைகளால் தரையைத் தொட வேண்டும். ஐந்தில் நான்கு முறை முழங்கால் உள்ளே விழக்கூடாது.

ஒற்றைக்கால் சோட்டே: 16 துள்ளலில் குறைந்தது எட்டு சுத்தமாக இருக்க வேண்டும். விரல் முதலில், குதிகால் கடைசியில், இடுப்பு சரியாமல். (வலி போகும்வரை இதை வைத்துப் பார்க்காதீர்கள்.)

டர்ன்அவுட்டையும் (காலை வெளிப்பக்கம் திருப்புவது) கவனியுங்கள். ஃபிஃப்த் பொசிஷனில் (ஒரு பாதத்தின் முன் மற்றதை ஒட்டிக் குறுக்காக வைத்து நிற்பது) பாதம் அழகாக விரிந்து, முழங்கால் சிப்பி மட்டும் நேர்முன்னால் பார்த்தால், இடுப்பிலிருந்து திரும்பாமல் தரையைப் பிடித்துத் திருகுகிறாள். பாதம் உள்பக்கம் சரியும், முழங்காலின் உட்புறம் இழுபடும், இடுப்பு முன்சாய்ந்து கீழ்முதுகு வளையும். பாயின்டில் அந்தத் திருகல் இன்னும் மோசமாகும்.

இன்னொன்று: பள்ளிக்கூட ஷூ மாதிரி "வளருகிற பிள்ளை" என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கிவிடாதீர்கள். நம்மவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. பாயின்ட் ஷூ பெரிதாக இருந்தால் பாதம் உள்ளே சறுக்கி, எடை முழுவதும் விரல் நுனியில் இறங்கும்.

கணக்குப்பிள்ளை:
யாரும் பரதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அரைமண்டியும் டர்ன்அவுட்தான், தட்டடவு ஒவ்வொன்றும் குதிகாலுக்கும் அடிதான். அதிலும் பேஸ்மென்ட் சிமென்ட் தரையில் மெல்லிய விரிப்பு என்றால், பாலே ஸ்டூடியோவில் மிச்சப்படுத்தியதை சனிக்கிழமை செலவழிக்கிறாள். வலி போகும்வரை அங்கேயும் தட்டாமல் அபிநயமும் முத்திரையும் செய்யட்டும்; நல்ல டீச்சர் மறுக்கமாட்டார்.

சாப்பாடும் முக்கியம். வளர்ந்தவரின் எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு, இந்த உச்சத்தைச் சுற்றிய இரண்டே வருடத்தில் சேர்கிறது. இந்த வயதுக்கு நாளுக்கு 1300 மி.கி. கால்சியம் வேண்டும், ஒரு கோப்பைப் பாலில் 300 வரைதான் கிடைக்கும். டொராண்டோ குளிர்காலத்தில் வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 12 வயதில் மாதவிடாய் வராதது சாதாரணம். 15 ஆகியும் வராவிட்டாலோ, வந்தபின் மூன்று மாதம் நின்றாலோ, "ஆடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விடக்கூடாது. உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம், அடுத்து வருவது எலும்பு விரிசல்.

ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, ராத்திரியிலும் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். எலும்பு விரிசல் என்றால் முதல் இரண்டு வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்; எம்.ஆர்.ஐ. கேளுங்கள். அரபெஸ்கில் (ஒற்றைக் காலில் நின்று மற்ற காலைப் பின்னால் தூக்குவது) கீழ்முதுகு ஒரு பக்கம் மட்டும் வலித்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கொன்றை:
அமுக்கிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் வலிக்கிறது. ரெலவேயில் வலி இல்லை. அப்படியானால் ஜனவரி?

பார்_பக்கம்:
ஜனவரி வேண்டாம். குதிகால் அடங்கியபின் ஒற்றைக்காலில் 20 ரெலவே முழு உயரத்துக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஈஸ்டருக்குப் பிறகு எல்லாச் சோதனையையும் மறுபடி வையுங்கள். உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், வெறுங்காலில், அதே சுவரில் அளந்து தேதியோடு எழுதி ஆசிரியையிடமும் ஒரு பிரதி கொடுங்கள். வளர்ச்சி மூன்று மாதத்துக்கு ஒன்றரை செ.மீ.க்குக் கீழே வந்தால் குதிப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.