கார்த்தி தூங்குகிறான்

பாலு மாமா (காலை 8:12): டெல்லியில் மாட்டிக்கொண்டோம். சென்னை விமானம் ரத்து. பைலட் இல்லையாம்! ஏதோ புது ஓய்வு விதியாம். அவர்கள் தூங்க, நாங்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறோம்.

மாலா சித்தி (8:14): அண்ணி சாப்பிட்டாரா அண்ணா?

பாலு மாமா (8:15): இரண்டு இட்லி 280 ரூபாய். அதை அப்புறம் பேசலாம். கார்த்தி எங்கே? பைலட்தானே, பதில் சொல்லட்டும்.

சுமதி பெரியம்மா (8:21): தூங்குகிறான் அண்ணா. விடிகாலை நாலு மணிக்குத்தான் வந்து இறங்கினான். காலிங் பெல்லை அணைத்துவிட்டேன். குக்கர்கூட வைக்கவில்லை.

பாலு மாமா (8:22): பார்த்தீர்களா!

கார்த்தி (மதியம் 1:40): மாமா, 2010 மே 22, மங்களூர் விபத்து நினைவிருக்கிறதா? துபாயிலிருந்து வந்த விமானம். 158 பேர் போனார்கள். காக்பிட்டில் (விமானி அறையில்) பதிவான 2 மணி 5 நிமிட ஒலியில் முதல் 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூக்கம். குறட்டைச் சத்தம்கூடப் பதிவாகியிருந்தது.

பாலு மாமா (1:43): எழுந்த பிறகுதானே இறக்கினார்?

கார்த்தி (1:47): அதுதான் சிக்கலே. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்ததும் மூளை உடனே தெளியாது. விமானம் ஏகப்பட்ட உயரத்தில் வந்தது. துணை விமானி மூன்று முறை ‘இறக்காமல் மறுபடி மேலே போய்விடலாம்’ என்றார். கேப்டன் கேட்கவில்லை. சுமார் 8,000 அடி ஓடுதளத்தில் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு.

மாலா சித்தி (1:48): கடவுளே. நீயும் ஓட்டும்போது தூங்குவாயாடா?

கார்த்தி (1:52): சொல்லிவைத்துக்கொண்டு ஒருவர் 40 நிமிடம்வரை கண்ணயர்வது பல நாடுகளில் உண்டு சித்தி. மற்றவர் விழித்திருக்க வேண்டும். இறங்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே எழுப்பிவிடுவார்கள். பயம் சொல்லாமல் வருகிற தூக்கம்தான். போன மாதம் செக்லிஸ்டில் ஒரே வரியை இரண்டு முறை வாசித்தேன். கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. விடிகாலை இரண்டிலிருந்து ஆறு மணிவரை உடம்பு அப்படித்தான், எத்தனை காபி குடித்தாலும்.

பாலு மாமா (1:55): சரி, விதி என்னதான் சொல்கிறது?

கார்த்தி (1:58): வார ஓய்வு 36 மணி நேரமாக இருந்தது, இப்போது 48. இரவுப் பணியில் 6 தரையிறக்கம்வரை விட்டார்கள், இப்போது 2. 2024 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள் மாமா. விமான நிறுவனங்களுக்கு ஆள் எடுக்க நேரம் இருந்தது. உங்கள் கோபம் நியாயம்தான், முகவரிதான் தப்பு.

பாலு மாமா (2:30): 👍 இரவு 2:50 விமானத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மாலா சித்தி (2:31): பைலட் நன்றாகத் தூங்கினாரா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள் அண்ணா.

பாலு மாமா (2:32): கேட்டால் என்னை இறக்கிவிடுவார்கள்.

சுமதி பெரியம்மா (மாலை 6:05): கார்த்தி மறுபடி படுத்துவிட்டான். விடிகாலை மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். யாரும் போன் செய்யாதீர்கள்.