சி.வி.டி. கியர் எண்ணெய்: வடித்து ஊற்றுவதா, ஃபிளஷ் செய்வதா?

வணக்கம் அண்ணன்மார்களே. மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இருப்பது ஹோண்டா சி.ஆர்.வி., 1.5 டர்போ, சி.வி.டி. கியர் (படிகள் இல்லாமல் தானாக மாறும் கியர்). பழைய காராக வாங்கியது. மீட்டர் 92,000 கிலோமீட்டர் காட்டுகிறது. கியர் எண்ணெய் மாற்றியதாக சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

வண்டிக்கு ஓய்வே கிடையாது. தினமும் தோட்டத்துச் செம்மண் சாலை, மாதம் ஒருமுறை குடும்பத்தோடு கேமரன் மலை ஏற்றம். மாமியார் கொடுத்தனுப்பும் சாமான் கணக்கு தனி!

நம் ஊர்ப் பட்டறை ஒன்றில் கேட்டேன். "எல்லா வண்டிக்கும் இதுதான் தம்பி" என்று ஒரு டின்னைக் காட்டினார். அது சாதாரண ஆட்டோ கியருக்கான ஏ.டி.எஃப். எண்ணெய். கையேட்டிலோ ஹோண்டாவின் சி.வி.டி. எண்ணெயான எச்.சி.எஃப்.-2 என்று இருக்கிறது. சி.வி.டி.யில் இரும்பு பெல்ட் கப்பிகளுக்கு நடுவே இறுகப் பிடித்துத்தான் ஓடுகிறது. வேறு வகை எண்ணெய் ஊற்றினால் அந்தப் பிடி போய்விடும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். மனிதருக்குக் கோபம்.

அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி வடித்தால், இன்ஜின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் பழைய எண்ணெய் கொஞ்சம் தங்கிவிடும். அதனால் ஒருமுறை மாற்றி, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாற்றலாம் என்று நினைக்கிறேன். இயந்திரம் வைத்துப் பழைய எண்ணெயைத் தள்ளி வெளியேற்றும் ஃபிளஷ் செய்ய எனக்குப் பயம். செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அப்புறம் வண்டி எப்படி ஓடியது?

ஈப்போ பக்கம் அசல் எண்ணெய் எங்கே கிடைக்கும்? நாமே வாங்கிக்கொண்டு போனால் கூலிக்கு மட்டும் மாற்றித் தரும் பட்டறை உண்டா? எத்தனை வெள்ளி ஆகும்? பள்ளி விடுமுறைக்குள் முடிக்க வேண்டும்.