செயற்கைப் புல்லுல தண்ணி தேங்கி ஜாயின்ட் விட்டுப்போச்சு, மொத்தமா மாத்தணுமா?

பின்வாசல்:
வணக்கம். பின்வாசல்ல செயற்கைப் புல் போட்டு மூணு வருஷம் ஆச்சு. அடியில பூரா களிமண்ணு. மழை நின்னு ரெண்டு நாள் ஆனாலும் ஒரு மூலையில கால வச்சா பொதுக்குன்னு அமுங்குது, விரல் இடுக்குல தண்ணி ஏறுது. அந்த மூலையிலதான் ரெண்டு ரோலும் சேர்ற ஜாயின்ட் ஒரு கை நீளத்துக்கு வாயைப் பொளந்து நிக்குது, பக்கத்துல போனாலே ஒரு ஊசல் வாடை. போட்டுக் குடுத்தவரு மொத்தத்தையும் எடுத்துட்டுப் புதுசு போடணும்னு சொல்றாரு, இன்னொருத்தர் புல்லுல நாலு ஓட்டை போட்டா சரியாயிடும்ங்கறாரு. புல்லு பாக்க நல்லாத்தான் இருக்கு, தூக்கிப் போட மனசே வரல. யாராச்சும் இத சரி பண்ணிருக்கீங்களா?

ஜல்லிக்கூடை:
மாத்தாதீங்க, ஓட்டையும் போடாதீங்க. மொதல்ல தண்ணி எங்க நிக்குதுன்னு பாருங்க, புல்லுக்கு மேலயா கீழயா. அந்த மூலையில ஓரத்து ஆணிய புடுங்கி புல்ல ஒரு முழம் மடக்கிப் போட்டுட்டு, வெறும் ஜல்லி மேல ஒரு வாளி தண்ணி ஊத்துங்க. அது சட்டுனு உள்ள போயிட்டா அடித்தளம் நல்லாருக்கு, புல்லோட முதுகுல இருக்கற ஓட்டைங்கதான் மண்ணும் இலைச் சருகும் சேந்து அடைச்சிருக்கு, அதுக்கு கெட்டி பிரஷ் போட்டுத் தேச்சு நல்லாக் கழுவுனாலே பாதி சரியாயிடும். ஊத்துன தண்ணி அப்படியே நின்னுச்சுன்னா புல்லுல நூறு ஓட்டை போட்டாலும் பிரயோஜனம் இல்ல, போறதுக்கு வழி இருந்தாத்தானே போகும்.

பின்வாசல்:
இன்னிக்குக் காலையில மடக்கிப் பாத்தேன். மேல ஒரு விரக்கடை கிரஷர் தூள் (கல்லு உடைக்கறப்போ வர்ற பொடி), சிமென்ட் மாதிரி இறுகிக் கெடக்கு. ஊத்துன தண்ணி கால் மணி நேரம் அப்படியே நின்னுச்சு. நோண்டிப் பாத்தா தூளுக்குக் கீழ ஜல்லி கொஞ்சம்தான், அதுவும் களிமண்ணுல முங்கிப் போயிருக்கு.

ஜல்லிக்கூடை:
அதேதான். தூள் ஜாஸ்தியானா தண்ணிய விடாது, நடுவுல துணி போடாததால களிமண்ணு மேல ஏறி ஜல்லிய முழுங்கிடுச்சு. நல்லா இருக்கற பக்கம் கை வைக்காதீங்க, கெட்ட இடத்த விட ரெண்டடி கூடுதலா மட்டும் புல்ல சுருட்டுங்க. அதுக்கு முன்னாடி புல்லுக்குள்ள தூவியிருக்கற மணல கூட்டி அள்ளிடுங்க, இல்லன்னா கனம் தாங்காம இழுத்துக் கிழிச்சிடுவீங்க. அப்புறம் பழசெல்லாம் எடுத்துட்டு, களிமண்ணையே வாட்டமா செதுக்கணும், மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. இறக்கம் இருந்தா போதும், நூல் கட்டி ரசமட்டம் வச்சுப் பாருங்க, கண் மட்டத்த நம்பாதீங்க. அது மேல ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணிய விடும், மண்ண விடாது), அப்புறம் கழுவுன ஜல்லி 10 செ.மீ., அதையும் ஒரே தடவையா கொட்டாம ரெண்டு அடுக்கா போட்டு திமிசு போடுங்க. மேல மட்டம் பண்றதுக்கு தூள் வேணாம், 6 மி.மீ. சிப்ஸ் ஜல்லி போடுங்க.

மண்ணுவாசம்:
இதோட ஒண்ணு சேத்துக்குங்க, களிமண்ணுக்கு ஜல்லி மட்டும் போதாது. ஒரு அடி குழி தோண்டி தண்ணி ரொப்பி ஒரு தடவை வடிய விட்டுட்டு, மறுபடி ரொப்பி ஸ்கேல் நட்டு வச்சுப் பாருங்க, ஒரு மணி நேரத்துல 2.5 செ.மீ. கூட இறங்கலன்னா புல்லுக்குக் கீழ நீங்க கட்டறது மூடி போட்ட தொட்டிதான். தாழ்வான ஓரத்துல ஒரு வாய்க்கா எடுத்து உள்ள துணி விரிச்சு, ஓட்டை போட்ட 100 மி.மீ. பைப்ப ஓட்டை கீழ்ப்பக்கம் பாக்கற மாதிரி வச்சு, சுத்தி ஜல்லி போட்டு மூடி, தண்ணி நெசமாவே வெளிய போற இடத்துல கொண்டு போய் விடுங்க. அந்த மண்ணுல சோக்பிட் (தண்ணி மண்ணுக்குள்ள இறங்கறதுக்குத் தோண்டற குழி) வேணாம், ஒரு மழைக்கு ரொம்பிட்டு அப்படியே நிக்கும். மாடித் தண்ணி பைப்பு அந்தப் பக்கம் இறங்குதான்னும் பாருங்க, எங்க வீட்டுல பாதித் தண்ணி அங்க இருந்துதான் வந்துச்சு, அத திருப்பி விட்டதும் எவ்ளோ வித்தியாசம்!

ரோல்கட்டர்:
ஜாயின்ட் ஒட்டறது கடைசி வேலை, ஆனா அதுலதான் நெறைய பேரு அவசரப்படறாங்க. பழைய டேப், காஞ்ச பசை எல்லாத்தையும் சுரண்டி எடுங்க. புல்லோட முதுகு ரெண்டு நாள் வெயில்ல மொறுமொறுன்னு காயணும், ஈரத்துல ஒட்டுனதாலதான் பலருக்கு ஜாயின்டே விடுது. ஓரம் பிஞ்சிருந்தா பின்பக்கம் திருப்பிப் போட்டு ரெண்டு தையல் வரிசைக்கு நடுவுல வெட்டுங்க, மேல இருந்து வெட்டுனா நார் பாதியில அறுந்து கோடு நல்லாத் தெரியும். ரெண்டு துண்டும் புல்லு ஒரே பக்கம் சாயணும். கீழ புது டேப் விரிச்சு பசை தடவி சேக்கறப்போ நார் ஒண்ணு கூட உள்ள மாட்டாம விரலால வெளிய எடுத்து விடுங்க, நடுவுல ரெண்டு மி.மீ. இடைவெளி இருந்தா சரியா இருக்கும். மேல வெயிட் வச்சு ஒரு நாள் விட்டுடுங்க, நடக்க வேணாம்.

பின்வாசல்:
மாடிப் பைப்பு அந்த மூலையிலதான் இறங்குது! இத்தன நாள் அது கண்ணுலயே படல. மொதல்ல அத திருப்பிட்டு, குழி டெஸ்ட் பண்ணிட்டு, பைப் வாய்க்காவோட இதே வரிசையில செய்யறேன். ரொம்ப நன்றிங்க.