தரமணியில் ‘த’ போனால்? ரீடிங் ஸ்கிரீனிங் அனுபவங்கள்

வேளச்சேரி அம்மா:

மகள் ஒன்றாம் வகுப்பு. ஆகஸ்ட் மாதப் பெற்றோர் கூட்டத்தில் மிஸ் ஒரு தாளை நீட்டினார். ரீடிங் ஸ்கிரீனிங்காம், யாருக்கு வாசிப்பில் உதவி தேவைப்படும் என்று முன்கூட்டியே பார்க்கும் சின்னச் சோதனை. அவள் பெயருக்கு நேரே சிவப்பு வட்டம். “வீட்டில கொஞ்சம் கவனிங்க” என்றார். எதைக் கவனிப்பது என்று கேட்கக்கூடத் தோன்றாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நம்பவும் முடியவில்லை. வீட்டில் ஆங்கிலக் கதைப் புத்தகத்தை விரல் வைத்துக் கடகடவென்று வாசிப்பவள் அவள். அப்புறம் ஒருநாள் இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிட்டது. அவளோ விட்டுப்போன பக்கத்தின் வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தனையும் மனப்பாடம்!

முதலில் செய்தது தப்பு. தெருமுனை டியூஷனில் சேர்த்தேன். அங்கே ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுத வைத்தார்கள். மூன்றாவது வாரத்தில் காலையில் எழுந்தாலே வயிற்றுவலி என்றாள். மாமியார் வேறு என் வீட்டுக்காரரைக் காட்டி, “இவனும் ரெண்டாங் கிளாஸ் வரைக்கும் இப்படித்தான், தானா வந்துடும்” என்றார்.

டியூஷனை நிறுத்திவிட்டு மிஸ்ஸிடம் தனியாக நேரம் கேட்டுப் போனேன். முதல் நாளே போயிருக்க வேண்டும். மொத்த மதிப்பெண் கிடக்கட்டும், எதில் குறைவு என்று கேட்டேன். எழுத்துப் பெயர்கள் சரி. கதை கேட்டுப் பதில் சொன்னதும் நன்றாகவே இருந்தது. தடுக்கியது இரண்டு இடத்தில்: சொல்லை ஒலி ஒலியாகப் பிரிப்பது, ‘டிப்’, ‘மோக்’ மாதிரி அர்த்தமில்லாத சொற்களைப் படிப்பது. அர்த்தமில்லாததை ஏன் படிக்க வேண்டும் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது, எழுத்தைப் பார்த்து ஒலியாக்கத் தெரிகிறதா என்பது அதில்தான் தெரியும் என்றார். எனக்குத் தாள் புரண்ட நாள் ஞாபகம் வந்தது.

“நெத்தியில கை வச்சு ஜுரம் பார்க்கிற மாதிரிதாங்க இது. என்ன ஜுரம்னு சொல்லாது” என்றும் சொன்னார். பள்ளியில் வாரத்துக்கு நான்கு நாள், இருபது நிமிடம், மூன்று பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். வீட்டில் தாளே வேண்டாமாம், வாயால் விளையாடினால் போதுமாம்.

எங்கள் அம்மா வீடு மந்தைவெளியில். பறக்கும் ரயிலில் போகும்போதெல்லாம் இதே விளையாட்டு. “பெருங்குடியில் ‘பெருங்’ போனால்?” “குடி!” என்று பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். “தரமணியில் ‘த’ போனால்?” “ரமணி!” தமிழில் இப்படி எழுத்தெழுத்தாகப் பிரிப்பது சீக்கிரம் வந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு அது போதவில்லை. ‘பின்’னை ப்-இ-ன் என்று இன்னும் பொடியாக உடைக்கத் தீபாவளி தாண்டிவிட்டது. ஜனவரித் தாளில் வட்டம் மஞ்சளாகியிருக்கிறது.

பெரம்பூர் அப்பா:

அக்கா, காதைப் பரிசோதித்தீர்களா? என் பையன் யுகேஜி. அவனுக்கும் ஒலியைப் பிரிப்பதில்தான் சிக்கல். வருடம் முழுக்கச் சளி. காது டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார். பாவம், தண்ணீருக்குள் இருந்து கேட்பது போலத்தான் கேட்டிருக்கிறான், நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

அம்பத்தூர் அம்மா:

உங்கள் மாமியார் சொன்னதை அப்படியே விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டிலும் அதையே சொல்லித்தான் இரண்டு வருடம் போனது. வாசிப்புச் சிரமம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. ‘அப்பாவும் இப்படித்தான்’ என்றால் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

மகனுக்குத் தமிழும் தகராறுதான். ‘கொ’வில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ ‘க்’குக்குப் பின்னால் வருகிறது. அங்கேயே நின்றுவிடுவான். 8 வயதில் முழுப் பரிசோதனை செய்து டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு என்றார்கள். அன்று அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது, சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. சென்னையில் இருப்பவர்கள் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனில் விசாரிக்கலாம். பரிசோதனைக்கு வயது வரட்டும் என்று உதவியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மிஸ் செய்கிற அந்த இருபது நிமிடத்துக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

வேளச்சேரி அம்மா:

நான் அப்படி யோசிக்கவே இல்லைங்க. ராத்திரி வீட்டுக்காரரிடம் கேட்டேன். “பத்தாவது வரைக்கும், சத்தமா வாசின்னு யாராவது சொன்னா பாத்ரூம் போறேன்னு எழுந்திடுவேன்” என்றார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இப்போதுதான் சொல்கிறார். காது டாக்டரிடம் சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன். அவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.